ஒரே 'தாங்', நாலு அர்த்தம்

கேள்வி: கணவரின் வேலைக்காக ஷாங்காய் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. கோழி, மீன், முட்டை சாப்பிடுவோம்; பன்றியும் மாடும் கிடையாது. பள்ளியில் மதியம் சீனச் சாப்பாடுதான். மகள் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு வருகிறாள், மகன் வாயையே திறப்பதில்லை. சாப்பாட்டுச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தேன். பிள்ளைகள் சொன்னால் கடைக்காரருக்குப் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஷாங்காயிலிருந்து ஒரு தாய்

பதில்: நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் சகோதரி. கஞ்சியில் தொடங்குங்கள்.

சீன வீடுகளில் காலையில் குடிக்கும் வெள்ளைக் கஞ்சிக்கு 'ஜோவ்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதைக் 'காஞ்ஜி' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கஞ்சியிலிருந்து போனதுதான். 100 கிராம் பச்சரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து 45 நிமிடம் விடுங்கள். கடைசிக் கால் மணி நேரம் கிண்டிக்கொண்டே இருந்தால்தான் அரிசி உடைந்து குழையும். புழுங்கல் அரிசியில் செய்யாதீர்கள். அது எளிதில் உடையாது, தண்ணீர் தனியாக நிற்கும். சீனர்களும் இதற்கு உப்பில் ஊறிய காய்கறிதான் தொட்டுக்கொள்வார்கள். ஆகவே முதல் வாரம் உங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயையே பக்கத்தில் வைத்தாலும் தப்பில்லை.

கஞ்சிக் கிண்ணத்தோடு சொற்களும் தானாக வரும். ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்ற ஒரே சொல்தான். சீனத்தில் நம்மைப் போலவே வயலில் நிற்பது 'தாவ்', உமி நீக்கியது 'மி', வெந்தது 'ஃபான்'. நெல், அரிசி, சோறு என்று பிரித்துப் பழகிய பிள்ளைக்கு இதில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. கஞ்சியைக் குடிப்பது, மருந்தைச் சாப்பிடுவது என்பதும் நம் வழக்கம் போலவேதான். குடிக்க 'ஹு', சாப்பிட 'ச்சி'. அந்த 'ஹு'வை உதடு குவிக்காமல், 'பாட்டு' என்ற சொல்லின் கடைசி உகரம் போலச் சொல்லச் சொல்லுங்கள். ஏறக்குறைய சரியாக வரும்.

இனி, கடைக்காரருக்கு ஏன் புரியவில்லை என்பது. தமிழ் எழுத்தில் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், தெரிவதில்லை. சீனத்தில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். 'தாங்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தொனியில் சூப், இரண்டாவதில் சர்க்கரை, மூன்றாவதில் படுத்துக்கொள், நான்காவதில் சுடுகிறது. உங்கள் நோட்டில் நாலும் ஒன்றாகத்தான் தெரியும்.

தொனியைப் பாடமாக நடத்த வேண்டாம். 'ம்' என்ற ஒலியை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம்! சுருதிப் பெட்டி மாதிரி உயரத்தில் நேராக இழுத்தால் முதல் தொனி. "ம்?" என்று கேட்டால் இரண்டு. அரைத்தூக்கத்தில் அடித்தொண்டையிலிருந்து தாழ்வாக முனகினால் மூன்று. "ம்!" என்று அழுத்தி முடித்தால் நான்கு. அப்புறம் 'தாங்' விளையாட்டு: நீங்கள் சொல்ல, பிள்ளைகள் நடிக்க வேண்டும். சூப் உறிஞ்சுவது, நாக்கில் சர்க்கரை வைப்பது, பொத்தென்று படுப்பது, விரலை ஊதிக்கொள்வது. நாலு வயதுக்காரன் மூன்றாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பான். ஒரு வாரம் இது ஒன்றே போதும்.

மூச்சுக் காற்றும் முக்கியம். 'தாங்' என்பதில் 'த'வோடு காற்று வெளியே வர வேண்டும். வாய்க்கு முன்னால் பிடித்த டிஷ்யூ தாள் அசைய வேண்டும். ஆனால் ஆவியில் வெந்த 'பாவ்' பன்னின் 'ப'வில் தாள் அசையக் கூடாது. அது 'பால்' என்பதில் வரும் அதே ப. 'பஸ்' என்பதன் ப அல்ல. இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு வேலை சுலபம், நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

அடுத்த வாரம் சந்தை. காய் விற்கும் பெண்மணியைப் பிள்ளைகள் 'ஆயி' என்று அழைக்கட்டும், நாம் அத்தை என்று கூப்பிடுவது மாதிரி. முதல் அசை உயர்ந்து நேராக, இரண்டாவது கேள்வி போல ஏறி. விலை பெரும்பாலும் 'ஜின்' கணக்கில் இருக்கும். ஒரு ஜின் என்பது 500 கிராம், கிலோ அல்ல. மகள் கையில் காசு கொடுத்து ஒரு ஜின் தக்காளி வாங்க வையுங்கள். ஷாங்காயில் தக்காளிக்கு 'ஃபான்-ச்சியே', அதாவது அயல்நாட்டுக் கத்தரிக்காய். வடக்கே வேறு பெயர். 'ஃபான்' இங்கே முதல் தொனி. சோறான 'ஃபான்' நான்காவது. ஆயி திருத்திச் சொல்வதைக் கேட்டு மகள் திரும்பச் சொல்லட்டும். நீங்கள் இடையில் புக வேண்டாம்.

அந்தத் தக்காளியில் இரண்டு போதும். மூன்று முட்டையைக் கால் டீஸ்பூன் உப்புடன் அடித்து, நன்றாகக் காய்ந்த இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஊற்றுங்கள். உப்பி, ஓரம் மட்டும் இறுகியதும் எடுத்துவிட வேண்டும். முழுக்க வேகவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது ரப்பராகும். அதே சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், நறுக்கிய தக்காளி, இன்னும் கால் ஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. சாறு விட்டுக் குழைந்ததும் முட்டையைச் சேர்த்து, அரை நிமிடத்தில் வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டால் நம் முட்டைப் பொரியலாகிவிடும். பள்ளியில் இந்தப் பதார்த்தம் வந்தால் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. சீன வீட்டுச் சமையலில் மிகச் சாதாரணமான பதார்த்தம் இது, பள்ளித் தட்டிலும் நிச்சயம் வரும்.

பன்றி விஷயத்தில் கவனம் தேவை. 'ரோவ்' என்றால் இறைச்சி என்று அகராதி சொல்லும். பேச்சில் வெறுமனே 'ரோவ்' என்றால் பெரும்பாலும் பன்றிதான். கோழி 'ஜி-ரோவ்', பன்றி 'ஜு-ரோவ்', மாடு 'நியு-ரோவ்'. பேக்கரி பன் மேல் வறுத்த தேங்காய்த் துருவல் போலப் பொன்னிறமாக இருப்பது 'ரோவ்-சுங்', பெரும்பாலும் பன்றி இறைச்சிப் பஞ்சு. இனிப்புச் சிவப்புப் பயறு பன்னிலும் வெங்காயத்தாள் ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அதற்குப் பெயர் 'ஜு-யோவ்'. ஷாங்காயின் புகழ்பெற்ற சூப் பன்னில் சூப்பே பன்றித் தோல் கூழ் உருகி வருவதுதான். நண்டுப் பன் என்று விற்பதிலும் பன்றி கலந்திருப்பது வழக்கம், அதைத் தவிர்த்துவிடுங்கள். வெங்காயத்தாள் எண்ணெயில் பிரட்டிய நூடுல்ஸ் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். அங்கும் 'ஜு-யோவ்' உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் 'ஜியாவ்-ட்ஸ', மைதா மாவில் பூரணம் வைத்து மடிக்கும் சீனக் கொழுக்கட்டை. கொழுக்கட்டை பிடித்த குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 300 கிராம் மைதா, 150 மி.லி. குளிர்ந்த தண்ணீர், பிசைந்து ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் வைத்து, பத்து கிராம் உருண்டைகளாக்கித் தேயுங்கள். நடு சற்றுத் தடிமனாக, ஓரம் மெலிசாக இருக்கட்டும். நேரமில்லையென்றால் சந்தையில் தேய்த்த மாவே வட்டத் தோலாகக் கிடைக்கும். சதுரத் தோல் வேறு பண்டத்துக்கு. பூரணத்துக்கு 250 கிராம் சீன முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பில் பத்து நிமிடம் வைத்துக் கெட்டியாகப் பிழிந்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் தண்ணீர் விட்டுத் தோல் கிழியும். 200 கிராம் கோழித் தொடை கொத்துக்கறி (மார்புக்கறி வறண்டுபோகும்), துருவிய இஞ்சி, இளநிற சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் ஒன்று. பிள்ளைகள் கைக்கு ஒரு டீஸ்பூன் பூரணம் போதும். ஓரத்தில் எண்ணெய் பட்டால் ஒட்டாது, அதனால் பூரணம் வைப்பவர் ஒருவர், மடிப்பவர் ஒருவராக இருக்கட்டும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, அடிபிடிக்காமல் ஒரு தள்ளு தள்ளி மூடுங்கள். பொங்கி வரும்போது அரைக் கப் குளிர்ந்த தண்ணீர். இப்படி மூன்று முறை. தோல் வெடிக்காமல் உள்ளே வேக இதுதான் வழி. ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள்.

வேகவைத்த இந்தப் பண்டம் 'ஷுவேய்-ஜியாவ்'. இரண்டும் மூன்றாம் தொனி, பேச்சில் முதலாவது ஏறும். இரண்டையும் நான்காம் தொனியில் இறக்கினால் 'தூங்கு' என்று ஆகும். மகள் தானே இதைக் கண்டுபிடிக்கும்படி விட்டால் ஒருநாளும் மறக்க மாட்டாள்.

தட்டில் புதிதாக வருவது ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் பழகிய சாப்பாடு இருக்கட்டும். சிறு பிள்ளைகள் ஒரு புதுச் சுவையை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை ஆகலாம். மூன்றாம் முறை துப்பியதை வைத்துப் பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள். "இது சீனத்தில் என்ன?" என்று சாப்பாட்டு நேரத்தில் தேர்வும் வைக்காதீர்கள். சோறா, நூடுல்ஸா என்பதை 'ஃபான்', 'மியென்' என்று கேளுங்கள், சொன்னதைப் பரிமாறுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, இறந்தவர்களுக்கு ஊதுபத்தி நடுவது போலாகும். இதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாளைக்கே பள்ளிக்குத் தேவைப்படுவது ஒரு வாக்கியம்: "வோ பு ச்சி ஜு-ரோவ்", நான் பன்றி சாப்பிடுவதில்லை. தொனி வரிசை 3, 4, 1, 1, 4. சந்தை ஆயியிடம் சொல்லச் சொல்லி உங்கள் போனில் பதிவு செய்து, இருவரும் அந்தக் குரலைக் கேட்டே பழகட்டும். மகனுக்கு அதுவும் நீளம் என்றால் 'பு யாவ்' போதும்: வேண்டாம். 'பு' இங்கே கேள்வி போல ஏறும், 'யாவ்' அழுத்தமாக இறங்கும். வகுப்பு ஆசிரியையிடமும் இதே வாக்கியத்தைச் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், 'ஜு-யோவ்' என்பதையும் சேர்த்து.