‘ஐ’யை மாற்றினேன், லூப் கேட்கவில்லையே?

கேள்வி: பைத்தான் புரோகிராமிங் மொழியில் ரேஞ்ச் 10 (0 முதல் 9 வரை எண்கள்) வைத்து ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் வரும் எண்ணுக்கு ‘ஐ’ என்று பெயர் வைத்தேன். ‘ஐ’ 3 ஆனதும் அதோடு 2 கூட்டினேன். 4, 5 இரண்டையும் தாண்டி 6-க்குப் போகும் என்று பார்த்தால் 4-தான் வருகிறது. லூப் முடிந்தபின் ‘ஐ’ 9 என்கிறது. சி மொழியில் 10 வருமே? ஆன்லைனில் ஒருவர், “பைத்தான் சரியாக இன்ஸ்டால் ஆகவில்லை, கட்டணம் கட்டினால் சரிசெய்து தருகிறேன்” என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் பைத்தானில் ஒரு கோளாறும் இல்லை. பயப்படுகிறவர் கிடைத்தால் போதும், எல்லாவற்றுக்கும் ‘ரீஇன்ஸ்டால்’ என்று பில் போட ஆட்கள் இருக்கிறார்கள். புரோகிராமைப் படித்துக்கூடப் பார்க்காமல் கட்டணம் சொல்பவரிடம் கம்ப்யூட்டரையும் பாஸ்வேர்டையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சி-யில் லூப்பை ஓட்டுவது ‘ஐ’. பைத்தானில் ஓட்டுவது ரேஞ்ச். அது வரிசையாக டோக்கன் கொடுக்கும் ஆள் மாதிரி: கையில் வாங்கிய டோக்கனில் நீங்கள் எண்ணைத் திருத்திக்கொண்டாலும் அடுத்த டோக்கன் 4-தான். 9-க்கும் காரணம் இதுவே. கடைசியாகக் கொடுத்தது 9. 10 என்று ஒன்றை அது கொடுக்கவே இல்லை. சி-யின் பாடத்தையே பெயர் மாற்றிப் பைத்தான் என்று நடத்தும் பயிற்சி வகுப்புகள் இதைச் சொல்வதில்லை. சான்றிதழ் மட்டும் தவறாமல் தருகின்றன.

4, 5 வேண்டாம் என்றால் அந்த எண்கள் வரும்போது ‘கன்டினியூ’ போடுங்கள், அந்தச் சுற்றின் மீதியை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். நினைத்த இடத்துக்கு எல்லாம் தாவ வேண்டுமா, நிபந்தனை சரியாக இருக்கும்வரை ஓடும் வைல் லூப்புக்கு மாறி ‘ஐ’யை நீங்களே கூட்டுங்கள். அங்கே கூட்டலுக்கு முன்னால் ‘கன்டினியூ’ வந்துவிட்டால் லூப் முடியவே முடியாது.

லூப் முடிந்தபிறகு ‘ஐ’யை நம்புவதுதான் பெரிய பொறி. ரேஞ்ச் 10 முழுதாக ஓடினால் 9 வரும். ஆனால் ஒரு லிஸ்ட்டின் மேல் லூப் ஓட்டி, அந்த லிஸ்ட் காலியாக இருந்தால்? லூப் ஒருமுறைகூட ஓடாது, ‘ஐ’ பிறக்கவே பிறக்காது. அடுத்த வரியில் ‘ஐ’யைக் கேட்டால் ‘நேம் எரர்’, அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழைச் செய்தி. அது வந்தால்கூட நல்லது, தப்பு கண்ணுக்குத் தெரிகிறது. மேலே வேறொரு லூப்பிலும் ‘ஐ’ என்றே பெயர் வைத்திருந்தீர்களானால் எரரும் வராது. அந்தப் பழைய லூப் விட்டுப்போன எண் அப்படியே உட்கார்ந்திருக்கும், கணக்கு சத்தமில்லாமல் தப்பாகும். பைத்தான் 2-இல் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனிலிருந்தும் (ஒரே வரியில் லூப் ஓட்டி லிஸ்ட் உருவாக்கும் முறை) இப்படிப் பெயர் வெளியே கசிந்தது. 2008-இல் வந்த பைத்தான் 3 அதை அடைத்தது, ஃபார் லூப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. ஒரு எச்சரிக்கையாவது காட்டக் கூடாதா?

எத்தனை முறை ஓடியது என்று தெரிய வேண்டுமானால் லூப்புக்கு மேலே தனியாக ஒரு பெயரில் 0 வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் 1 கூட்டுங்கள். லிஸ்ட் காலியாக இருந்தாலும் அது 0 என்று சரியாகவே சொல்லும்.