பிரிட்டனின் ஆன் ராணிக்குப் பிறகு ஜெர்மன்காரர் ஜார்ஜ் எப்படி அரியணைக்கு வந்தார்?

1701-ல் நாடாளுமன்றம் போட்ட வாரிசுரிமைச் சட்டத்தால். ரத்த உறவின் நெருக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. கத்தோலிக்கர் அரியணை ஏறக்கூடாது என்றதில் நெருங்கிய சொந்தங்கள் ஐம்பதுக்கும் மேல் அடிபட்டுப்போயின, ஆனின் மாற்றாந்தாய் பெற்ற தம்பி ஜேம்ஸ் உட்பட.

ஆனையும் ஜார்ஜையும் இணைக்க நீங்கள் போட்ட வம்சாவளியில் கோடு சேரவில்லை என்கிறீர்கள்; காரணம், அநேகமாக ஆனிலிருந்து கீழே தேடுவதுதான். அவருக்குப் பிள்ளைகள் யாரும் தங்கவில்லை. ஆனின் கொள்ளுத்தாத்தா முதலாம் ஜேம்ஸ் வரை மேலே ஏறி, அவர் மகள் எலிசபெத், அவர் மகள் சோஃபியா, சோஃபியாவின் மகன் ஜார்ஜ் என்று இறங்கிப் பாருங்கள். சட்டம் பெயர் சொன்னது சோஃபியாவைத்தான். பாவம், 1714 ஜூனில் அவர் போய்ச் சேர, ஆகஸ்ட் 1-ல் ஆன் இறந்தார்; அரியணை மகன் ஜார்ஜுக்குப் போயிற்று.

ஒன்று கவனம்: இந்த எலிசபெத் பொஹீமியா ராணி, டியூடர் வம்சத்து முதலாம் எலிசபெத் அல்ல.