மகளின் சுகயீன லீவுக்கு அலுவலகத்திலும் காரணம் இருக்கலாம்

ஐயா,

திருகோணமலை உவர்மலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். தனியார் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதங்களே ஆன மகள், தலையிடி, வயிற்றெரிவு என்று அடிக்கடி வேலைக்குப் போகாமல் நிற்பதையும், பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் போகாமல் நின்றிராத பிள்ளை இப்போது சோம்பேறியாகிவிட்டாளோ என்று நீங்கள் அஞ்சுவதையும் சொல்லியிருந்தீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், புதிய மேற்பார்வையாளர் வந்த பின்னர்தான் இது தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்த இரண்டாம் வைட்ஹோல் ஆய்வில், தம் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்க இடமில்லாதவர்கள் கூடுதலாகச் சுகயீன விடுமுறை எடுத்தமை காணப்பட்டது. பின்லாந்து வைத்தியசாலை ஊழியர்களிடையே நடந்த ஆய்வுகளும், மேலதிகாரி தம்மை நியாயமாக நடத்துவதில்லை என்று உணர்ந்தவர்களிடம் அவ்விடுமுறை கூடுதலாக இருந்ததைக் காட்டின. இவர்கள் நடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் சொன்ன வேலையை மாலையில் மாற்றுவதும், சிறு பிழைக்கும் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதும், சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவதுமாக இருக்கும் ஒருவரின் கீழ் மாதக்கணக்கில் வேலை செய்பவருக்கு நித்திரை கெடும், தலையிடி வரும், மற்ற நாட்களில் தாங்கிக்கொள்ளக்கூடிய தடிமன்கூட அன்றைக்குத் தாங்க முடியாததாகிவிடும். இதற்கு மாறாக, பயத்தினால் காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. ஆகவே யாருமே லீவு எடுப்பதில்லை என்று பெருமை பேசும் அலுவலகத்தை நல்ல அலுவலகம் என்று நான் உடனே நம்புவதில்லை.

அரச வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். அங்கே லீவு கூடுதல் என்பது உண்மைதான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி உங்கள் மகளுக்கு முதலாண்டில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதமே அமய விடுமுறை (சுகயீனம், சொந்த அலுவல் போன்றவற்றுக்கு எடுக்கும் லீவு) சேரும், அடுத்த ஆண்டிலிருந்து 7 நாட்கள் கிடைக்கும். ஆனாலும் லண்டன் ஆய்வில் இருந்தவர்களும் அரச ஊழியர்கள்தான், ஐயா.

இராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன், எந்தெந்த நாட்களில் வருத்தம் வந்தது, அதற்கு முதல்நாள் அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு மாதத்துக்குக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வேலைகளில் எது முதலில் முடிய வேண்டும் என்பதை எழுத்தில் தரும்படி மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்கட்டும். அதுவும் பயனளிக்காவிட்டால் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பது தவறில்லை. பின்னர் நிலாவெளி ஹோட்டலிலோ சீனன்குடா ஆலையிலோ நேர்முகத் தேர்வுக்குப் போனாலும், சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வராமல், தான் யாரின் கீழ் வேலை செய்யப்போகிறாள், அந்த இடத்தில் முன்பு இருந்தவர் எத்தனை காலம் நின்றார், ஏன் போனார் என்பதையும் விசாரிக்க வேண்டும். குறிப்பு எழுதிய அந்தக் கொப்பியோடு அடுத்த மாதம் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள். நீங்களும் வரலாம், ஆனால் முதல் அரைமணி நேரம் அவளோடு தனியாகப் பேச விரும்புகிறேன்.