ஒன்றை ஒட்டி ஒன்றாகப் படித்த புத்தகங்கள்

"சமீபத்தில் படித்த புத்தகங்களில் உங்களைப் பாதித்தவை எவை, ஏன்?" என்ற கேள்விக்கு ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எந்தப் புத்தகமும் தனியாக ஞாபகம் வருவதில்லை. அதற்கு முன்னால் படித்ததும் கூடவே வந்துவிடுகிறது.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' முடித்த கையோடு, நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்து, பிடிபட்டு முகாமில் இறந்துபோன யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எடுத்தேன். திட்டமிட்டு எடுக்கவில்லை, கைக்கு அகப்பட்டது அதுதான். என் சரித்திரத்தில் 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடம் வருகிறது. சாமிநாதையர் அப்போதே கல்லூரித் தமிழாசிரியர். தான் பாடம் கேட்ட நூல்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் கொஞ்சமும் அசரவில்லை, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. அப்புறம் அதற்காக ஏடு தேடி, விளங்காததைச் சமணர்களிடம் போய்க் கேட்டு, 1887இல் பதிப்பித்தே விடுகிறார். அத்தனை பெரிய மனிதர் தனக்குத் தெரியாமல் இருந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனின் நாட்குறிப்பு துயரமாகவே இருக்கும் என்று பயந்துதான் திறந்தேன். உள்ளே இருந்ததோ சுறுசுறுப்பான, வாயாடியான ஒரு பெண். அம்மாவோடு கோபித்துக்கொள்கிறாள், தன்னையே கடுமையாக விமர்சித்துக்கொள்கிறாள். 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதிக் குறிப்புக்குப் பிறகு ஒன்றுமில்லை. என் சரித்திரமும் இப்படித்தான், 122 அத்தியாயங்களோடு பாதியில் நிற்கிறது. தேதிகளைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. 1942 ஏப்ரலில் 87 வயதில் சாமிநாதையர் மறைகிறார். அதே ஆண்டு ஜூனில், 13 வயதில், ஆன் எழுதத் தொடங்குகிறாள்.

அடுத்துப் படித்த பாலோ கொயலோவின் 'ரசவாதி' எனக்கு ஒட்டவே இல்லை. மனதார விரும்பினால் உலகமே துணைக்கு வரும் என்கிறது அது. ஆன் என் மனதைவிட்டு இன்னும் இறங்காத நேரம். வேறொரு சமயம் படித்திருந்தால் பிடித்திருக்குமோ என்னவோ.

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலில் 84 நாள் மீன் கிடைக்காத கிழவர், கிடைத்த பெரிய மீனையும் சுறாக்களுக்குப் பறிகொடுத்து எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறார். அவருடைய கைகளைப் பார்த்துச் சிறுவன் அழும்போது நானும் அழுதேன். உடனே அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அங்கே சுற்றிலும் கடல், இங்கே ஒரு குடம் தண்ணீருக்கு அலைச்சல். ஆனால் இதன் நாயகி ஜமுனாவின் போராட்டத்தைப் பார்த்து வியக்க யாரும் இல்லை. அவள் ஒடிந்துபோய்க் கிடக்கும்போது பக்கத்து வீட்டு டீச்சரம்மா அறிவுரை சொல்லித் தேற்றாமல் தன் மணவாழ்க்கையை அப்படியே எடுத்துச் சொல்கிறாரே, அந்தப் பக்கங்களை மூன்று முறை படித்தேன். கிழவரைவிட ஜமுனாதான் எனக்கு நெருக்கமாகிவிட்டாள்.

இப்போது குறுந்தொகையை நாளுக்கு ஒரு பாட்டாகப் படித்து வருகிறேன். 28ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். ஔவையார் பாடியது. தன் வேதனை தெரியாமல் ஊரே தூங்குகிறதே, இதை முட்டுவேனா, தாக்குவேனா என்று ஒருத்தி கேட்கிறாள். அங்கேயும் ஜமுனா வந்து நிற்கிறாள். 29க்குப் போக நான்கு நாட்களாக மனம் வரவில்லை.