கைத்தடி எந்தக் கையில்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 58 வயது. மூன்று வருடமாக நிணநீர்ப் புற்றுநோயோடு இருக்கிறேன். மெதுவாக வளரும் வகை. முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். சிகிச்சையில் கொடுத்த ஸ்டீராய்டால் இடது இடுப்பு மூட்டின் பந்து எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் நசுங்கிவிட்டது. மூட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. எலும்பு மருத்துவர் ‘புற்றுநோய் டாக்டர் சரி என்று சொல்லட்டும்’ என்கிறார். அவரோ ‘எலும்பு டாக்டரைக் கேளுங்கள்’ என்கிறார். வீட்டில் ‘உயிர் இருக்கிறதே, அது போதாதா’ என்கிறார்கள். அவ்வளவு பெரிய நோய்க்கு முன்னால் இந்த வலியைப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

‘கூச்சம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். என் அக்காவும் இதையேதான் செய்தாள். அவளுக்கு மார்பகப் புற்றுநோய்; அதோடு இடுப்பு மூட்டும் தேய்ந்துபோயிருந்தது. புற்றுநோய் டாக்டரின் அறைக்குள் நுழையும்போது மட்டும் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிடுவாள். கதவிலிருந்து நாற்காலிவரை பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “அவருக்கு எதுக்கு இந்தக் கதையெல்லாம்?” என்பாள்.

அவருக்குத்தான் அந்தக் கதை முதலில் தெரிய வேண்டும். புற்றுநோய் மருத்துவர்கள் நோயாளியின் நடமாட்டத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு எண் போடுவார்கள். எப்போதும்போல எல்லா வேலையும் செய்கிறவருக்கு 0. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறவருக்கு 3. ஐந்து என்றால் ஆளே இல்லை. எந்த மருந்தை உடம்பு தாங்கும் என்று முடிவெடுப்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. உட்கார வைத்தது நோயா, இடுப்பா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வாய் திறக்காவிட்டால் இடுப்பின் கடனும் புற்றுநோயின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

வீட்டில் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர்தான் இடுப்பு மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர். முதலில் பந்து உட்காரும் கிண்ணத்தை டெஃப்லானில் செய்து வைத்தார். அது தேய்ந்து, நோயாளிகளுக்குத் தொல்லையானது. அப்புறம்தான் உலோகப் பந்தும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணமும். உடம்பு இந்தப் பொருள்களை ஏற்குமா என்று பார்க்கத் தன் தொடையிலேயே துண்டுகளை வைத்துப் பார்த்த ஆள் அவர். இத்தனை பாடும் யாருடைய உயிரையும் காப்பாற்ற அல்ல, வலியில்லாமல் நடக்க வைக்க.

இரண்டு டாக்டர்களும் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நோயும் அதற்கான மருந்தும் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. வைத்த மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் வெறும் மருந்தால் விரட்டுவது கடினம்; சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டிவரும். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் புற்றுநோயால் ஒரு பங்கு, அறுவை சிகிச்சையால் ஒரு பங்கு என்று கூடுகிறது. ஆனால் தயக்கம் வேறு, தட்டிக்கழிப்பது வேறு. ‘சரியா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கடைசி டோஸ் எப்போது, அடுத்ததைத் தள்ளிப்போட முடியுமா, எத்தனை வாரம் தள்ளலாம், ரத்த அணுக்கள் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதைவிட நல்லது, நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் மற்றவருக்குப் போன் போடுவது. அக்காவுக்கு இரண்டு மாதம் கடிதமாக அலைந்த விஷயம் நான்கு நிமிடப் பேச்சில் முடிந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூட்டுக்குக் கிருமி பல்லிலிருந்தும் வரலாம்; சொத்தை இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, அசையாமல் படுத்திருக்கும்போதும் புதிதாக வலித்தாலோ, திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போனாலோ ‘பழைய வலிதானே’ என்று விடாமல் அன்றைக்கே தெரிவியுங்கள்.

அப்புறம் அந்தக் கைத்தடி. அக்கா அதை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே நாலு மாதம் பிடித்திருந்தாள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண் அதை வாங்கி, பேசாமல் மறு கையில் கொடுத்தாள். அக்கா பத்தடி நடந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வலிக்கும் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் இழுத்துப் பிடிக்கும் தசைதான் மூட்டை அதிகம் அழுத்துகிறது. எதிர்ப்பக்கத்துத் தடி அந்தத் தசையின் வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். தொடைக்கான பயிற்சிகளையும் பிசியோதெரபிஸ்டிடமே கேளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் தசை வற்றிவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்க அவ்வளவு நாளாகும்.

அக்கா இன்றும் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். செருப்பைத் தானே குனிந்து மாட்டிக்கொள்கிறாள்.

அடுத்த முறை புற்றுநோய் டாக்டரைப் பார்க்கும்போது தடியோடு உள்ளே போங்கள், வலது கையில் பிடித்துக்கொண்டு. தேதி கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.