நமக்குள்ள என்னம்மா ரசீது

அன்புள்ள அண்ணா,

பென்னாகரம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருஷமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும், படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பதும் எங்கள் வேலை. பத்தாவதோடு கல்யாணம் செய்துவைக்கப் பார்த்த ஒரு பெண் இன்றைக்கு நர்சிங் படிக்கிறாள். பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவாள்.

சம்பளம் பதினாலாயிரம் பேங்கில் ஏறும். மறுநாள் அதில் இரண்டாயிரத்தை எடுத்து ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். 'நிறுவன வளர்ச்சிக்கு நம் பங்கு' என்பார்கள். ஒருமுறை ரசீது கேட்டேன். 'நமக்குள்ள என்னம்மா ரசீது, நாமெல்லாம் ஒரு குடும்பம்' என்றார் டைரக்டர். அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மாதக் கூட்டத்தில் டார்கெட் வராதவர்களை எழுப்பி நிற்கவைத்துத் திட்டுவார். சாயங்காலம் அவரே டீ வாங்கித் தருவார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் 'தூங்கிட்டியா' என்று மெசேஜ் வருகிறதாம். விட்டுப் போகலாமென்றால் பிள்ளைகள் முகம் கண்ணில் நிற்கிறது. வெளியே சொன்னால் ஃபண்ட் நின்று அவர்களுக்குத்தானே கேடு?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

என்னையும் அண்ணா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அது தானாக வாயில் வருவது, குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர் அண்ணனாகிவிட்டால் சிக்கல். முதலாளியிடம் கணக்குக் கேட்டால் அது கேள்வி. அண்ணனிடம் கேட்டால் சந்தேகம். கேட்டவள்தான் தலைகுனிய வேண்டும்.

நானும் இரண்டரை வருஷம் ஒரு தொண்டு நிறுவன ஜீப்பில் ஊர் ஊராகப் போனவன். தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முன்னால், பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கான அரசின் மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவத் தொடங்கியிருந்த காலம். சுய உதவிக் குழுவுக்குத் தமிழ்நாட்டில் தொடக்கமே நம் தர்மபுரிதான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் இங்கேதான் ஆரம்பித்தார்கள். அதில் எங்களுக்கு ஏகப் பெருமை. பெயரைச் சொல்லாத அந்த நிறுவனத்தில் நான் பார்த்தது குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை. கூட்டம் முடிவதற்குள் வரவு, செலவு, கடன் பாக்கி எல்லாவற்றையும் உரக்கப் படித்தாக வேண்டும். குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் படிப்பார், எழுத்தறியாத கிழவிகூடக் காதால் கேட்டுச் சரிபார்ப்பாள். தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். ஒரே ஆள் ஊக்குநராக ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மாற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி கொடுத்தோம்.

பாலக்கோடு பக்கம் ஒரு குழுவில் இப்படிக் கணக்கு வாசித்து முடித்ததும், வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார். "ஏங் கண்ணு, உங்க ஆபீசுல கணக்கு யாரு படிப்பாங்க?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஜீப்பில் திரும்பும்போது எங்கள் டைரக்டர் அண்ணாவிடம் அதை வேடிக்கையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் என்னை அஞ்செட்டிக்கு மாற்றினார்கள். ஆண்டறிக்கையை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது வேலையை விட்ட பிறகு, ஒரு நண்பர் வீட்டில். அதில் எனக்குக் கொடுத்ததாகப் போட்டிருந்த சம்பளத்தைப் பார்த்து, யாரோ வேறொருவர் போல என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஊருக்கு ஜனநாயகம், ஆபீசுக்குக் குடும்பம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

டைரக்டர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபண்ட் கொடுப்பவர்கள் புராஜெக்ட்டுக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டு புராஜெக்ட்டுக்கு நடுவில் வரும் ஆபீஸ் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் கொடுப்பாரில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பல இடங்களில் சம்பளத்திலிருந்து திரும்ப வாங்குகிறார்கள். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை வந்தது. பெரிய நிறுவனங்கள் வழியாக வரும் பணத்தை நம்பியிருந்த சின்ன நிறுவனங்கள் தவித்துப் போயின. மனைவி நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்ட ஒருவரையும் இதே தர்மபுரியில் எனக்குத் தெரியும். ஆனால் 'இருபது சதவீதம்தாம்மா, சம்பளம் ஏத்த முடியாது' என்று களப்பணியாளரிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவமனை நடத்துகிற இடத்தில் டாக்டர் சம்பளமும் பள்ளி நடத்துகிற இடத்தில் ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பவர் செய்வது நிர்வாகமா?

உங்கள் இரண்டாயிரத்துக்கு வருவோம். அது நன்கொடை என்றால் ரசீது உண்டு, விருப்பம் உண்டு, மறுக்கவும் உரிமை உண்டு. இந்த மூன்றும் இல்லாததற்குப் பெயர் வேறு. அடுத்த மாதம் பணமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். கூடவே, ஆபீசில் இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் உங்களுக்குப் பி.எஃப். கட்டுகிறார்களா, எவ்வளவு சம்பளத்துக்குக் கட்டுகிறார்கள் என்று அரசின் உமங் ஆப்பில் பாருங்கள். தனியாகக் கேட்காமல் நான்கைந்து பேராகக் கேட்டால் நல்லது. என்னைப்போல ஜீப்பில் வேடிக்கையாகக் கேட்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கேடு வருமே என்ற பயம் உங்களுடையதா, உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா என்று யோசியுங்கள். பொங்கலுக்கு அந்தப் பெண் வருவது உங்கள் வீட்டுக்கு. ஆபீசுக்குப் போகவில்லை. நாளைக்கு நீங்கள் வேறு எங்கே வேலை பார்த்தாலும், ஒரு கல்யாணப் பந்தல் தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட உங்களை யாரும் தடுக்க முடியாது.

கடிதத்தில் உங்கள் பணத்துக்கு அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புதுப் பெண்ணுக்கு ஒரே வரி, அதுவும் 'வருகிறதாம்'. யாரிடமிருந்து என்றுகூட எழுத உங்கள் கை வரவில்லை. அவரிடமிருந்துதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். திரும்பப் படித்தபோது எனக்கு மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லையை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம், தொண்டு நிறுவனத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால் புகார் நிறுவனத்தை நடத்துபவர் மேலேயே என்றால், அவர் அமைத்த குழுவிடம் போகத் தேவையில்லை. மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலக வளாகத்தில் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மெசேஜ்களை அழித்துவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். போகிற நாளில் நீங்கள் கூடப் போங்கள்.

ரசீது விஷயம் என்ன ஆனது என்று எழுதுங்கள்.