18,000 ரூபாய் கொடுத்தால் போன வாடிக்கை திரும்பி வருமா?

கேள்வி: பாலக்கோட்டில் நான்கு வருடமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். எதிர் வரிசையில் இன்னொரு செக்குக் கடை வந்ததிலிருந்து பழைய வாடிக்கையில் பாதிப் பேரைக் காணோம். ஒருவர் வந்து, 18,000 ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம் போன் நம்பர் தருகிறேன், கூகுளில் உங்கள் கடையை முதலில் வரவைத்து 200 பேரை ஐந்து ஸ்டார் போடவைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், மீதியாவது கல்லாவில் இருக்கட்டும்.

அந்தப் பத்தாயிரம் நம்பரும் எங்கெங்கோ திரட்டியவை. இரண்டு லிட்டர் கடலை எண்ணெய்க்காகக் கோயம்புத்தூரிலிருந்து யாரும் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறப் போவதில்லை. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து விளம்பரம் வந்தால் எரிச்சலில் புகார் பட்டனை அழுத்துவார்கள். அப்படிப் புகார் சேர்ந்தால் வாட்ஸ்அப் உங்கள் நம்பரையே முடக்கிவிடும். கடைப் பலகையில் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதே நம்பரை. எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்பார். அதற்கு 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி இருக்கிறது. வணிக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி என்ற பதிவில் கடையைப் பதிந்து, அனுப்பும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். மோசடி எஸ்எம்எஸ் மட்டும் தினமும் எல்லோருக்கும் தடையில்லாமல் வந்து சேருகிறது. சட்டப்படி அனுப்ப நினைக்கிற எண்ணெய்க் கடைக்காரர்தான் அலைய வேண்டும்.

அடுத்தது கூகுள். கடையை அதில் பதிய ஒரு பைசா செலவில்லை. பணம் வாங்கிக்கொண்டு வரைபடத் தேடலில் மேலே ஏற்றுவதில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்று போட்டு வருவது வேறு கணக்கு. விலைக்கு வாங்கிய ஸ்டாரைக் கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். சில நேரம் கொஞ்ச காலத்துக்குப் புது மதிப்புரையே வராதபடி நிறுத்தியும் வைப்பார்கள். “ஸ்டார் போட்டால் கால் லிட்டர் இலவசம்” என்பதும் அவர்கள் விதிப்படி தப்புதான். எண்ணெய் பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று வாயால் கேளுங்கள், அது போதும்.

இதையெல்லாம் விடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. இடைத்தரகர் கடையைத் தன்னுடைய ஜிமெயிலில் பதிந்துகொள்வார். காவேரிப்பட்டணம் பக்கம் நிப்பட்டு (தட்டை) போடுகிற ஒருவருக்கு இதுதான் நடந்தது. அடுத்த வருடம் பணம் தரமாட்டேன் என்றதும், அவர் கடைப் பெயருக்குக் கீழே வேறொருவர் போன் நம்பர் வந்துவிட்டது. ஆர்டரெல்லாம் அங்கே போயிற்று. மூன்று மாதம் கழித்து, பெங்களூரிலிருந்து வந்த ஒரு பழைய வாடிக்கைக்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. அதனால் உங்கள் ஜிமெயில், உங்கள் போன். பையனோ பெண்ணோ உதவலாம், ஆனால் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும்.

கடை உங்களுடையதுதானா என்ற சரிபார்ப்புக்குக் கூகுளில் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருவில் ஆரம்பித்து, பக்கத்துக் கடை, உங்கள் பெயர்ப் பலகை, பிறகு நீங்களே ஷட்டரைத் திறந்து உள்ளே செக்கு, கல்லா வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். முதல் தடவை ஏற்காமல் போகலாம். ஏன் என்று கேட்க ஆளைப் பிடிப்பது பெரும்பாடு. சலிக்காமல் இன்னொரு தடவை எடுங்கள்.

ஒருவேளை உங்கள் கடை ஏற்கெனவே கூகுளில் இருந்தால் புதிதாக இன்னொன்று போடாதீர்கள், இரண்டும் குழம்பும். முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்திலேயே ‘இது என் தொழில்’ என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். யாரும் உரிமை கோராத பக்கம் என்றால் நேரே சரிபார்ப்புக்குப் போகும். வேறொருவர் பிடித்து வைத்திருந்தால் அவருக்குக் கோரிக்கை போகும். அவர் சில நாளில் பதில் தராவிட்டால், கடை உங்களுடையது என்று காட்டி நீங்களே எடுத்துக்கொள்ள வழி கிடைக்கலாம். அவர் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். இதற்கும் யாருக்கும் பணம் தர வேண்டாம்.

சரி, போன வாடிக்கைக்கு வருவோம். அவர்கள் பெயர் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர் ஏறக்குறைய ஒரு மாதம் வரும் என்று வையுங்கள். வாங்கிய தேதியை எழுதி வைத்து இருபத்திரண்டாம் நாள் ஒரு செய்தி: “அக்கா, நேற்று எள் ஆட்டினோம், கேன் கொண்டு வாங்க.” பண்டிகை வாழ்த்துப் படத்தை விட இது நூறு மடங்கு வேலை செய்யும். ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற வீடுகளுக்குச் சனிக்கிழமை மாலை அனுப்புங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போகும். அதனால் எண்ணெய் ஊற்றும்போதே “நம்பரைப் பதிஞ்சுக்குங்க” என்று சொல்லிப் பதியவையுங்கள். செய்தி வேண்டாம் என்பவரை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

நின்றுபோனவர்களில் முப்பது பேருக்குச் செய்தி வேண்டாம், போன் செய்யுங்கள். விலை குறைப்பதாகச் சொல்லாதீர்கள். எண்ணெயில் ஏதாவது குறையா என்று மட்டும் கேளுங்கள். வடை சுடும்போது நுரைத்துப் பொங்கியது, அடியில் கசடு நின்றது, சிக்கு வாடை வந்தது என்று ஏதோ ஒன்று வரும். நுரையும் கசடும் என்றால் தெளியவிடும் நாள் போதவில்லை, இன்னும் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். சிக்கு வாடை என்றால் வாதாடாமல் அந்த எண்ணெயை மாற்றிக் கொடுங்கள்.

அந்த முப்பதில் ஐந்தாறு பேர் எதிர்க் கடைக்கே போயிருக்க மாட்டார்கள். நோட்டைப் புரட்டினால் தெரியும், 400, 600 என்று பாக்கி நிற்கும். கொடுக்க முடியாத கூச்சத்தில் உங்கள் கடை வழியாகவே நடப்பதில்லை. “பாக்கி அப்புறம் பார்த்துக்கலாம், கேனை எடுத்துட்டு வாங்க” என்று முதலில் இவர்களுக்குத்தான் போன் போட வேண்டும்.